மூன்று கை மண்

தாண்டவராயன்: ...நான் இன்னா பொய்யா சொல்றேன்? ஜட்ஜம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக் குந்து தாயி"ன்னு சொன்னவ நீதானே?

ஆதியம்மாள்: கறுப்புக் கோட்டு போட்டிருந்தா சொல்லியிருப்பேனா? பருத்திச் சேலை கட்டிகினு, கையில டிபன் டப்பாவோட இந்த பெஞ்சாண்ட வந்து நின்னுச்சு. எவளோ என்னை மாதிரி பிள்ளையைப் பறி குடுத்தவன்னு நினைச்சேன்.

தாண்டவராயன்: தள்ளியும் குந்திச்சு பாரு, அந்தப் பெரிய மனுசி.

ஆதியம்மாள்: நீ மட்டும் இன்னாவாம்? டீ சட்டை போட்ட ஆளாண்ட தீப்பெட்டி வாங்கி பீடி பத்த வெச்சுகினு, "இந்தப் போலீஸ்காரனுங்களை நம்பவே கூடாது சார்"னு அரை மணி நேரம் பேசினியே. உள்ள போய்ப் பார்த்தா அந்த ஆளுதான் நம்ம டேசன் ஏட்டு.

தாண்டவராயன்: நல்லாத்தான் தலையாட்டிகினு இருந்தான்...

ஆதியம்மாள்: இது சின்னப் பசங்க கோர்ட்டு. காக்கிச் சட்டை கூடாது, கூண்டு கூடாது, விலங்கு கூடாது. பசங்க பயப்படக் கூடாதுன்னு சட்டமாம். நம்ம வூட்டுக்கு வந்து விசாரிச்ச ஜாய்ஸ் மேடம் சொல்லுச்சு.

தாண்டவராயன்: பசங்க பயப்படல. பயமெல்லாம் இந்த பெஞ்சுலதான் குந்திகினு கீது.

ஆதியம்மாள்: ...மணி இன்னா?

தாண்டவராயன்: பன்னெண்டே கால். இன்னிக்கு விட்டுடுவாங்க இல்ல, ஆதி?

ஆதியம்மாள்: திருக்கழுக்குன்றம் தாண்டறதுக்குள்ள நாலு தபா கேட்டுட்டே. இங்க வந்து இது மூணாவது.

தாண்டவராயன்: ஏழுதானே ஆச்சு. பதில் ஒண்ணுகூட வரலியே.

ஆதியம்மாள்: எனக்கு மட்டும் தெரியுமா? போன தபாவே விட்டிருப்பாங்க. நம்ம பிள்ளையைத் திருட்டுக்கு இழுத்த அந்தப் பெரியவனுங்க ரெண்டு பேரும் வெளியில சுத்திகினு இருந்தானுங்க. வூட்டுக்கு அனுப்புனா மறுபடியும் அவனுங்க கையில மாட்டிப்பான், கொஞ்ச நாளு பசங்க ஹோம்லயே இருக்கட்டும்னு ஜட்ஜம்மா எழுதிடுச்சு. இப்பதான் அவனுங்க உள்ள போயிட்டானுங்களே.

தாண்டவராயன்: மூணு மாசம்... மீசை மொளைச்சிருக்கும்.

ஆதியம்மாள்: பதினாறு வயசுக்கு மீசை மொளைக்காம வாலா மொளைக்கும்? காலரை இழுத்து விடு. இந்த வருசத்துல இந்த வெள்ளைச் சட்டை இன்னியோட ரெண்டாவது தபா.

தாண்டவராயன்: மொதல் தபா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பச்சைச் சட்டைதான் போட்டுகினு வந்தேன்.

ஆதியம்மாள்: ரெண்டாவது.

தாண்டவராயன்: ...அப்போ எப்ப போட்டேன்?

ஆதியம்மாள்: நீயே சொல்லேன்.

தாண்டவராயன்: நெனப்பு இல்ல.

ஆதியம்மாள்: நெனப்பு இல்லன்னா விடு. காலு எப்படி கீது?

தாண்டவராயன்: திருக்கை மீனு முள்ளு இறங்கினா சும்மாவா? ஆறும்.

ஆதியம்மாள்: மொதல்ல வலை கிழிஞ்சுது. அப்பால மோட்டாரு நடுக்கடல்ல நின்னுச்சு. இப்போ காலு.

தாண்டவராயன்: நேரம் சரியில்ல.

ஆதியம்மாள்: எவன் கண்ணு பட்டுச்சோ...

தாண்டவராயன்: ஆதி.

ஆதியம்மாள்: இன்னா?

தாண்டவராயன்: ...ஒண்ணுமில்ல. டப்பாவுல இன்னா வெச்சிருக்கே? வாசனை ஆளைத் தூக்குது.

ஆதியம்மாள்: கையை எடு. நெத்திலி வறுவல், அவனுக்கு. ஹோமுக்குள்ள வெளிச்சோறு கூடாதுன்னுட்டாங்க. கேட்டைத் தாண்டி வந்ததும் மொத வாயி இதான் துன்னணும். பிரியங்காவும் சிறுசேரிக்கு வேலைக்குப் போகாம லீவு போட்டுகினு, தம்பிக்குப் பாயை உதறிப் போட்டு வெச்சிருக்கு.

தாண்டவராயன்: ஊருல...

ஆதியம்மாள்: ஊருல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. படகு மோட்டாரைத் திருட்டுல பறி குடுத்த பாலாவே, "பையனைக் கூட்டிகினு வாக்கா, சின்னப் பையன்தானே"ன்னு சொல்லிட்டான். ஊருக்கு அவன் மேல கோவம் இல்ல. ஊரைக் கேக்காம டேசனுக்குப் போய்ச் சொன்னவன் மேலதான் கோவம்.

தாண்டவராயன்: இன்னுமா தேடறாங்க?

ஆதியம்மாள்: பின்ன? கரையில நடந்தது கரையில முடியணும்னு கட்டுப்பாடு கீது இல்ல? ஆளு தெரிஞ்சா ஒரு வருசம் கடல்ல இறங்க விட மாட்டாங்க. பேச்சு கிடையாது, அடுப்பு மூட்டக் கொள்ளி கிடையாது. ஏன், நீயும்தானே கூட்டத்துல கைதூக்கினே?

தாண்டவராயன்: ...எல்லாரும் தூக்கினாங்க.

ஆதியம்மாள்: அதோ, மேடம் வருது. எழுந்திரு. மூஞ்சி ஒரு மாதிரி கீதே...

ஜாய்ஸ்: உட்காருங்கய்யா, காலோட எழுந்திருக்காதீங்க. அம்மா, நீங்களும்.

ஆதியம்மாள்: கையெழுத்து போடணுமா மேடம்? எனக்கு எழுத வரும். இவருதான் கைநாட்டு.

தாண்டவராயன்: நானும் கையெழுத்துதான். "தா"ன்னு போட்டுக் கோடு இழுப்பேன்.

ஜாய்ஸ்: கையெழுத்தெல்லாம் தயாராத்தான் இருக்கு. உங்க பொறுப்புல வீட்டுக்கு அனுப்பறதா ஜட்ஜ் மேடமும், கூட இருக்கிற ரெண்டு உறுப்பினர்களும் முடிவு பண்ணிட்டாங்க. கடைசியா அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்க. "வீட்டுக்குப் போறியாப்பா?"ன்னு.

ஆதியம்மாள்: இன்னா சொன்னான்?

ஜாய்ஸ்: "போகல"ன்னுட்டான்.

ஆதியம்மாள்: எம் பிள்ளையா? தேவேந்திரனா? நல்லாக் கேட்டீங்களா?

ஜாய்ஸ்: மூணு பேரும் மாறி மாறிக் கேட்டாங்கம்மா. தலையைக் குனிஞ்சுகிட்டு, "இங்கயே இருக்கேன் மேடம்"ங்கிறான். வீட்டுக்குப் போக மாட்டேன்னு ஒரு பையன் சொன்னா, அவங்க வேற மாதிரிதான் யோசிப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க... வீட்டுல அவனை யாராவது அடிக்கிறது உண்டா?

தாண்டவராயன்: மேலே கை வெச்சதே இல்ல மேடம். ஒரே ஒரு தபா...

ஜாய்ஸ்: அடிச்சீங்களா?

தாண்டவராயன்: அடிக்கல. புடிச்சேன். கையை... கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுட்டேன்.

ஜாய்ஸ்: எப்போ?

தாண்டவராயன்: ...அது எப்பவோ.

ஆதியம்மாள்: மேடம், குழந்தையில இருந்து அவரு தோள்லயே வளந்தவன் அவன். அடிக்கிறது கிடிக்கிறது எல்லாம் நான்தான். நான் அடிச்சா சிரிப்பான்.

ஜாய்ஸ்: எனக்குத் தெரியும்மா. உங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சு எழுதினவளே நான்தானே. அதனாலதான் நானா கேட்டு வாங்கிகிட்டு, தனியா கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசினேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரே ஒரு விஷயம் கேட்டான். எனக்குப் புரியல. உங்களுக்குப் புரியுதா பாருங்க.

ஆதியம்மாள்: இன்னா கேட்டான்?

ஜாய்ஸ்: "அம்மா தூத்தின மண்ணைத் திருப்பி எடுத்துட்டாங்களா?"ன்னு.

ஆதியம்மாள்: ...அவனுக்கு யாரு சொன்னா?

ஜாய்ஸ்: அக்கா பார்க்க வந்தப்போ சொல்லியிருக்கா. அதை எடுத்தாத்தான் வருவானாம். அது என்னம்மா மண்ணு? நான் செங்கல்பட்டுல பொறந்து, சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவ. சொன்னாத்தான் தெரியும்.

ஆதியம்மாள்: சாபம் மேடம். கோர்ட்டு, கேசுன்னு போக முடியாதவங்க அம்மனாண்ட போடற கேசுன்னு வெச்சுக்குங்க. ஈரச் சேலையோட, தலையை அவுத்து விட்டுகினு, கோயிலாண்ட நின்னு மூணு கை மண்ணு வாரி வீசறது. "எம் பிள்ளையைப் புடிச்சுக் குடுத்தவன் மேல இது போய் விழட்டும் தாயே"ன்னு.

ஜாய்ஸ்: விழுந்தா?

ஆதியம்மாள்: அவன் வலை காலியா வரும். தொழிலு முடங்கும். ஒடம்புல ரத்தம் காணும்.

ஜாய்ஸ்: ஐயா... என்ன காலையே பார்த்துகிட்டிருக்கீங்க? வலிக்குதா?

தாண்டவராயன்: இல்ல மேடம்... கட்டு அவுந்து போச்சான்னு பார்த்தேன்.

ஜாய்ஸ்: சரிம்மா, போட்டதை எடுக்க முடியுமா? ஏதாவது பரிகாரம் மாதிரி...?

ஆதியம்மாள்: முடியும். ஆனா போட்டவ ஒருத்தியால ஆவாது. யாரு மேல போட்டேனோ அந்த ஆளே எதிர்ல வந்து நின்னு, "நான்தான்"னு அவன் வாயால சொல்லணும். அப்பதான் எடுக்க முடியும்.

ஜாய்ஸ்: அந்த ஆளை நான் எங்க போய்த் தேடறது? ஜட்ஜ் மேடம் ஒரு மணிக்கு எழுந்துடுவாங்க. அடுத்த அமர்வு ரெண்டு வாரம் கழிச்சுத்தான்.

ஆதியம்மாள்: நீங்க தேட வேணாம். ஒரு பத்து நிமிசம் குடுங்க மேடம். கங்கையம்மன் வழி காட்டுவா.

ஜாய்ஸ்: பத்து நிமிஷம். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாதும்மா.

✻

தாண்டவராயன்: போயிடுச்சா?

ஆதியம்மாள்: போயிடுச்சு.

தாண்டவராயன்: ஆதி, அந்த ஆளு எதிர்ல வந்து நின்னா இன்னா பண்ணுவே?

ஆதியம்மாள்: நிக்கட்டும், அப்பால பாக்கலாம்.

தாண்டவராயன்: செருப்பால அடிப்பியா?

ஆதியம்மாள்: செருப்பு புதுசு. பிரியங்கா மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. கண்டவனையும் அடிச்சு அதை வீணாக்க மாட்டேன்.

தாண்டவராயன்: கிண்டல் பண்ணாதே மே.

ஆதியம்மாள்: தண்ணி குடி.

தாண்டவராயன்: வேணாம். இந்தச் சட்டை... ரெண்டாவது தபான்னியே.

ஆதியம்மாள்: ஆமா.

தாண்டவராயன்: ரெண்டாவதுதான். மொத தபா போட்டுகினு போனது டேசனுக்கு. நான்தான் ஆதி. நான்தான் சொன்னேன். எம் பிள்ளையை நானே... ஏதாச்சும் பேசேன்.

ஆதியம்மாள்: நீ பேசு. மூணு மாசமா பேசாததைப் பேசி முடி.

தாண்டவராயன்: பாலா மோட்டாரை எடுத்ததுல இவனும் இருந்தான்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஊருல வெச்சுப் பேசி, கால்ல வுழுந்து முடிச்சுக்கலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குக் காலையில அவன் பையை எடுத்து மாட்டப் போனேன். கனமா இருந்துச்சு. திறந்தா... கத்தி. முழங்கை நீளம்.

ஆதியம்மாள்: யாருக்கு?

தாண்டவராயன்: யாருக்குன்னு அவனுக்கே தெரியல. "வெச்சிரு, வேளை வரும்போது சொல்றோம்"னு அந்தப் பெரியவனுங்க குடுத்திருக்கானுங்க. இவனும் பள்ளிக்கூடப் பையில வெச்சுகினு சுத்தறான். ஊருக்குப் போனா அபராதம் போடுவாங்க. கட்டலாம். மறுநாளு அதே ரெண்டு பேரு, அதே படகு மறைவுல பீடி குடிச்சுகினு இவனைக் கூப்பிடுவானுங்க. ஊருல சுவரு ஏது ஆதி? எல்லாம் திறந்த கரை. எனக்கு ஒரு சுவரு வேணும்னு இருந்துச்சு. அவனுங்க ஏறி வர முடியாத சுவரு.

ஆதியம்மாள்: அதனால வெள்ளைச் சட்டை.

தாண்டவராயன்: மரியாதையா போனா பையனை அடிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். "சின்னப் பையன் சார், மேலே கை வெச்சுடாதீங்க, எம் பேரை வெளியில சொல்லிடாதீங்க"ன்னு கும்பிட்டேன். சாயங்காலம் ஜீப்பு வந்துச்சு. எல்லாரும் ஓடினானுங்க. அவனும் ஓடப் பார்த்தான்...

ஆதியம்மாள்: நீ கையைப் புடிச்சுகினே.

தாண்டவராயன்: நீ பார்த்தியா?

ஆதியம்மாள்: சொல்லு.

தாண்டவராயன்: அப்பால நாலாம் நாளு நீ கோயிலாண்ட தலையை அவுத்து விட்டுகினு நின்னே. நூறு பேரு சுத்தி நின்னாங்க ஆதி. மூணு கையும் என் தலையில ஒண்டி வுழுந்துச்சு. பக்கத்துல நின்ன பாலா மேல ஒரு துளி இல்ல. அம்மனே ஆளைக் காட்டிக் குடுத்துட்டான்னு நினைச்சேன். அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. அப்பால வலை போச்சு, மோட்டாரு போச்சு... இதோ காலு. வரட்டும், என்னோட போவட்டும்னு இருந்தேன்.

ஆதியம்மாள்: என்னாண்ட சொல்ல இன்னா பயம்?

தாண்டவராயன்: நீ என் கூட இருக்க மாட்டியோன்னு.

ஆதியம்மாள்: ...எங்கய்யா போவேன், லூசு. கண்ணைத் தொடை. மேடம் வருது.

ஜாய்ஸ்: மணி ஆயிடுச்சும்மா. நான் அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?

தாண்டவராயன்: நான்தான் மேடம். போலீசுக்குச் சொன்னது நான்தான். இவ எதிர்ல நின்னு சொல்லிட்டேன். இது ஊருக்குத் தெரிய வேணாம்... எழுதணும்னா எழுதிக்குங்க, பையன் வந்தாப் போதும்.

ஜாய்ஸ்: எந்தத் தாள்லயும் இது வராதுய்யா. தகவல் குடுத்தவர் பேரை யாரும் கேக்கவும் முடியாது. அதோட... எனக்குத் தெரியும்.

தாண்டவராயன்: டேசன்ல சொன்னாங்களா?

ஜாய்ஸ்: உங்க பையன் சொன்னான். அப்பவே, உள்ள தனியா பேசினப்போ. "அன்னிக்கு நைனா என் கையைப் புடிச்ச புடியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம். எல்லாரும் ஓடறப்போ என்னை மட்டும் விடவே இல்ல. அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க. நான் வீட்டுக்குப் போய் வாய் தவறி உளறிட்டேன்னா அம்மா அவரை மன்னிக்க மாட்டாங்க. அந்த மண்ணும் அவரை விடாது"ன்னு அழறான். நீங்களா சொல்லாம நான் சொல்லக் கூடாது, அதனாலதான் அப்போ மண்ணைப் பத்தி மட்டும் கேட்டேன்.

தாண்டவராயன்: எனக்காகவா... உள்ளயே இருக்கேன்னான்?

ஜாய்ஸ்: ஆமாய்யா.

தாண்டவராயன்: ஆதி. எடுத்துடு ஆதி. எம் மேல இருக்கட்டும்னா இருக்கட்டும், அவனுக்காக எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு.

ஜாய்ஸ்: அம்மா? எடுத்தாச்சுன்னு போய்ச் சொல்லட்டுமா?

ஆதியம்மாள்: பொய் சொல்ல வேணாம் மேடம். எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க.

தாண்டவராயன்: ஒண்ணும் இல்லியா? என் தலையெல்லாம் வுழுந்துச்சே!

ஆதியம்மாள்: கண்ணுலகூட வுழுந்துச்சு இல்ல?

தாண்டவராயன்: வுழுந்துச்சு.

ஆதியம்மாள்: உறுத்துச்சா?

தாண்டவராயன்: ...இல்ல.

ஆதியம்மாள்: கரை மண்ணு கண்ணுல வுழுந்து உறுத்தாம இருந்து நீ பார்த்திருக்கியா? வூட்டுக்கு வந்து தலை முழுகப் போனியே, "இன்னிக்கு வேணாம், அப்படியே படு"ன்னு ஏன் சொன்னேன்?

தாண்டவராயன்: அப்போ... அது இன்னா ஆதி?

ஆதியம்மாள்: அம்மன் துண்ணூறுய்யா, கோயில் விபூதி. ஈரம் படாம கவர்ல போட்டு முந்தானையில முடிஞ்சுகினு போயிருந்தேன். குனிஞ்சது மண்ணுக்கு, வீசினது அதை. கல்யாணத்துக்குக்கூடப் போடாத வெள்ளைச் சட்டையைப் போட்டுகினு நீ கிளம்பினப்போவே எனக்குத் தெரியும். பெத்தவளே மண்ணு தூத்திட்டா, அப்பால எவன் நம்ம வூட்டுப் பக்கம் விரல் நீட்டுவான்? நீயா வந்து சொல்லுவேன்னுதான் மூணு மாசமா வாயை மூடிகினு இருந்தேன். போங்க மேடம், எம் பிள்ளையைக் கூட்டிகினு வாங்க, நெத்திலி ஆறிப்போச்சு... இன்னாய்யா அப்படிப் பார்க்கிறே? முப்பது வருசமா காத்து பார்த்துக் கடல்ல இறங்கறவன், அன்னிக்குப் பொண்டாட்டி எந்தப் பக்கம் நின்னான்னு பார்த்திருக்க வேணாமா? ஒரு துளி வேற ஆளு மேல போயிடக் கூடாதுன்னு, நீ எங்க நிக்கறேன்னு பார்த்து, காத்து எங்க அடிக்குதுன்னு பார்த்து, அப்பாலதான்யா நான் கையையே தூக்கினேன்.